வியாதிக்காரன் வீட்டுச் சம்பந்தம்

பொன்னேரியிலிருந்து பூமிகாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார்களே, அதற்குப் பெண்ணின் நிறமோ படிப்போ காரணமில்லை. பெற்ற அப்பன்தான் காரணம். துளசிராமன் அன்று காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வந்தவன் தோட்டத்துப் பக்கம் எங்காவது விழுந்து தொலைத்திருக்கலாம். நேராகக் கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளையைப் பெற்ற அம்மாளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னா சம்பந்தி, நீயும் ஒரு கட்டிங் வுடுறியா?" என்று தோளைத் தட்டிக் கேட்டான். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

அதற்குப் பிறகு எந்தத் தரகரும் அவர்கள் ஊரான ஆரம்பாக்கம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பூமிகா கும்மிடிப்பூண்டியில் கார் பார்ட்ஸ் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவளோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறிய பெண்களெல்லாம் இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று ஆகிவிட்டார்கள். இவள் இருபத்தெட்டைத் தாண்டி நின்றாள். நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, பெண்ணும் கண்ணுக்கு லட்சணம். அப்பன் பெயரைச் சொன்னதும் போன் கட் ஆகிவிடும். பூமிகாவின் அம்மா ஈஸ்வரிக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. பெண்ணின் கழுத்தில் ஒரு தாலி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அவள் பண்ணாத வைத்தியமா? கோயிலில் கயிறு கட்டிவிட்டாள். சாமிக்குத் தெரியக் கூடாதென்று அவன் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்க் குடித்துவிட்டு, வந்து மறுபடி கட்டிக்கொண்டான். அவ்வளவு பக்தி. சந்தையில் எவனோ கேரளா பொடி என்று விற்றதை வாங்கிச் சாம்பாரில் கலந்தாள். பேதி போனது, குடி போகவில்லை. துடைப்பத்தால் அடித்தாள். அடி வாங்கிக்கொண்டு அழுது, பெண்ணின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்பார்கள். துளசிராமனின் பேச்சு விடியும் வரைகூடத் தாங்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் சொன்னாள். "குடிச்சிக்கினு இருந்து வுட்டவங்களே கூடிப் பேசுற மீட்டிங் ஒண்ணு கீதுக்கா. பைசா கெடையாது. மீஞ்சூர்ல ஞாயித்துக்கெழமை சாயங்காலம்னு கேள்வி. எங்கன்னு எனக்குத் தெரியாது, வெசாரிச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி அவனுக்கு வெளுத்த சட்டை போட்டு, தலை வாரிவிட்டு, ரயிலேற்றி மீஞ்சூருக்குக் கூட்டிப் போனாள். அவனும் வந்தான். கைநடுக்கம் பார்க்கச் சகிக்கவில்லை, காலையிலிருந்து ஒன்றும் உள்ளே இறங்காததால். ஸ்டேஷன் வாசல் ஆட்டோக்காரர்களிடம் போய், "அண்ணே, இந்தக் குடிகாரங்க மீட்டிங் எங்க நடக்குது?" என்று கேட்டாள். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டாள்.

"அதான் டெய்லி நடக்குதே, ஒயின்ஷாப்பு வாசல்ல. அண்ணன்தான் இன்னிக்குத் தலைவரா?" என்றான் ஒருத்தன். அத்தனை பேரும் சிரித்தார்கள். துளசிராமனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீட்டிங் என்றால் ஊருக்கு ஆயிரம் மீட்டிங். ஒருத்தன் கட்சி ஆபீசுக்குக் கைகாட்டினான். ஒருத்தி மகளிர் குழு நடக்கிற வீட்டைக் காட்டினாள். ஒரு ஜெபக் கூட்டத்தில் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் நல்லவர்கள்தான், இவன் வாயில் மிச்சமிருந்த நேற்றைய நாற்றத்தைக் கண்டு தலைமேல் கை வைத்து அரை மணி நேரம் பிசாசை ஓட்டினார்கள். அந்தப் பிசாசுக்கு அதற்குள் தாகம் எடுத்துவிட்டது. வெளியே ஒரு வாட்ச்மேன்தான், "அந்த மீட்டிங்கா? அத்த கவரப்பேட்டைக்கு மாத்திக்கினு பூட்டாங்கம்மா, ரொம்ப நாளாச்சு" என்றார்.

திரும்ப ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட் கவுண்டரில் நின்றாள். சில்லறையை வாங்கித் திரும்பினால் ஆளைக் காணோம். எங்கே போயிருப்பான் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் சுவரோரம் நின்று தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து ரயிலில் ஏற்றினாள். உட்கார்ந்ததும் எதிர் சீட்டுக்காரியின் காலடியில் வாந்தி எடுத்தான். ஈஸ்வரி முந்தானையால் துடைத்தாள். நாலு காலேஜ் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ரீல்ஸ் போடுறா மச்சி" என்றார்கள். அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மூடிக்கொள்ள முந்தானை சுத்தமாக இல்லை.

கவரப்பேட்டையில் மெடிக்கல் ஷாப், பங்ச்சர் கடை, டீக்கடை என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒரு டியூஷன் சென்டர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு பெரியவர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட தழும்பு. பெயர் ஜெரால்ட்.

"மீட்டிங் முடிஞ்சிப்போச்சேம்மா. அடுத்த ஞாயித்துக்கெழமை இட்னு வா" என்றார்.

ஈஸ்வரி ரோட்டிலேயே உட்கார்ந்தாள். வாயைப் பொத்தாமல், ஒப்பாரியும் வைக்காமல், வெறுமனே கண்ணில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜெரால்ட் பூட்டைத் திரும்பத் திறந்தார்.

குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கித் துளசிராமனை உட்கார வைத்து, காலுக்கிடையில் ஒரு வாளியையும் வைத்தார். புத்திமதி சொல்லவில்லை. "நான் ஜெரால்டு. குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். "என் பொண்டாட்டி பொடவையில ஸ்டவ்வு பத்திக்கிச்சு. கத்தியிருக்கா. தெருவே ஓடி வந்துச்சு. நான் பக்கத்து ரூம்ல மட்டையாய்க் கெடந்தேன். காலைல எழுந்து, டீ போடுடின்னு கூப்ட்டேன்."

துளசிராமன் வாளியிலிருந்து தலையைத் தூக்கினான். குடிக்காதே என்று அவனுக்குச் சொன்னவர்கள் ஆயிரம் பேர். தன்னைவிடக் கேவலமானவன் ஒருவன் எதிரே உட்கார்ந்து அதை இப்படி மூடி மறைக்காமல் சொல்லி அவன் கேட்டதில்லை. "நீ இப்போ குடிக்கறதில்லையா?" என்று கேட்டான். "இன்னிக்குக் குடிக்கல" என்றார் ஜெரால்ட்.

போகும்போது ஈஸ்வரியிடம், "இது கெட்ட பழக்கம் இல்லம்மா, வியாதி. சுகர் மாதிரி. போகாது, அடக்கி வெக்கலாம். மொதல் கிளாஸத் தொடாம இருந்தா பொழைச்சாரு. அத்தத் தொட்டா அடுத்தது அவரு கையில இல்ல" என்றார்.

வியாதி! ஈஸ்வரிக்கு யாரோ தலையில் பூ வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் குடிகாரன் பொண்டாட்டி என்று கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகியிருந்தது. வியாதிக்காரன் பொண்டாட்டி என்றால் நாலு பேர் பரிதாபமாவது படுவார்கள். அவன் உண்மையிலேயே நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் தாண்டியதும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. ரேஷன் கடையில், பால் டிப்போவில், பூமிகாவின் பஸ் ஸ்டாப்பில், எங்கும் இதே பேச்சு. "எங்கூட்டுக்காரரு குடிகாரரு இல்லக்கா. அவருக்கு வியாதியாம். மீட்டிங்ல சொல்லிக்கீறாங்க." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இவள் ஊர் முழுக்க ஒரு நிஜத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, துளசிராமன் பாடுபட்டான். ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு பாயைப் பிறாண்டினான். அவன் வேலை செய்த இரும்புக் கம்பெனி எடைமேடையில் லாரிக்காரர்கள் வேண்டுமென்றே மேஜையில் குவார்ட்டரைக் கொண்டுவந்து வைத்து, "இன்னா வியாதி, தைலம் வேணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வியாதி என்பதே அவன் பெயராகிவிட்டது. அவன் பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு எடை போட்டான். ஞாயிறு தவறாமல் கவரப்பேட்டைக்கு ரயிலேறினான். வீட்டில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டான், சட்னியில் உப்பு கம்மி என்றான். அவனுக்கு நாக்கில் உப்பு தெரிகிறதே என்று ஈஸ்வரி அடுப்படியில் நின்று சந்தோஷப்பட்டாள். பூமிகாகூட ஒருநாள், "அப்பா, தண்ணி எடுத்தாரட்டா?" என்று கேட்டாள். வருஷக்கணக்கில் அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் மீஞ்சூர் சம்பந்தம் வந்தது. மோகன்ராஜ் என்று தண்ணி லாரி வைத்திருக்கிறவர், அவருடைய மகன் அன்புசெல்வன். பையனுக்குப் பவர் பிளான்ட்டில் வேலை. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஜாதகமும் கூடியது. பூ வைத்து உறுதி பண்ண நாள் குறித்தார்கள். ஈஸ்வரி மட்டன் பிரியாணிக்குச் சொல்லி, கூடத்தில் இலை போட்டாள். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் வார்த்தை உறுதி, அப்புறம் பின்வாங்க முடியாது. அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. பிரியாணி வைத்தாயிற்று. மோகன்ராஜ் இலையில் கை வைக்கவில்லை. மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்புடுங்க சம்பந்தி" என்றான் துளசிராமன்.

"சாப்புடலாம். காதுக்கு ஒண்ணு வந்துச்சு, அத்த மொதல்ல தீத்துக்கலாம்" என்றார் மோகன்ராஜ். "குடிப்பாருன்னு சொன்னாங்க. அதுக்கு நான் கவலப்படல. நானே குடிக்கறவன்தான், ஆம்பளைன்னா நாலும் இருக்கும். ஆனா ஏதோ வியாதின்றாங்களே? அதுக்கு மீட்டிங்லாம் போறாராமே?"

ஈஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். "அய்யோ, யாருங்க சொன்னது?"

"நீதாம்மா சொல்லிக்கீற. ரேஷன் கடையில. எங்க வூட்டம்மாவோட ஒறவுக்காரி காதால கேட்டா." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "குடிகாரன் வூட்ல பொண்ணு எடுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான். வியாதிக்காரன் வூட்ல எடுக்க முடியுமா? வியாதின்னா ரத்தத்துல வரும். நாளைக்கு எம் பேரனுக்கு வந்தா நான் எந்த மீட்டிங்குக்கு இட்னு போறது?"

"இல்லீங்க, வியாதிலாம் ஒண்ணும் இல்லீங்க. அது நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றாள் ஈஸ்வரி.

"அப்ப வியாதி இல்ல?"

"சத்தியமா இல்லீங்க."

மோகன்ராஜ் பக்கத்திலிருந்த துணிப்பையைத் திறந்து ஒரு ஃபுல் பாட்டிலை எடுத்து இலைக்கு முன்னால் வைத்தார். தயாராகத்தான் வந்திருந்தார், படுபாவி. "அப்ப ஒரு பேஜாரும் இல்ல. எங்க வூட்டு வழக்கம் இது. சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒரு கிளாஸ் எடுத்துட்டுத்தான் கை நனைப்போம். வியாதி இல்லாதவன் ஒரு கிளாஸ் எடுத்துட்டு வெச்சிடுவான். வியாதி இருக்கறவன்தான் பயப்படுவான்."

"நைனா, வுடு நைனா" என்றான் அன்புசெல்வன். மோகன்ராஜ் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவன் குனிந்து போனைத் தடவ ஆரம்பித்தான்.

துளசிராமன் கும்பிட்டான். "சம்பந்தி, நான் வுட்டுட்டேன். என் பொண்ணுக்கோசரம் வுட்டேன். வேற இன்னா சொன்னாலும் செய்யறேன். கால்ல வுழணுமா, வுழறேன். இது மட்டும் வேணாம்."

"பாத்தியா? தொட்டா திரும்பப் புடிச்சிக்கும்னு பயம். அப்ப வியாதிதானே?" என்று மோகன்ராஜ் இலையை உள்பக்கமாக மடிக்கப் போனார். அவருடைய மனைவி பூமிகாவின் தலையில் வைக்கக் கொண்டுவந்திருந்த மல்லிகைப் பந்தைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஈஸ்வரி அந்தப் பையையே பார்த்தாள். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் புருஷனைக் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். பட்டுப்புடவையோடு பூமிகா அங்கேதான் நின்றிருந்தாள்.

"ஒரு வாய்தானே. குடிச்சிட்டு வெச்சிடு" என்றாள் ஈஸ்வரி.

"ஏம்மே, உனக்குத் தெரியாதா? எனக்கு ஒரு வாய்னு ஒண்ணு கெடையாது."

"நாளைக்கு மீட்டிங்ல போய்ச் சொல்லிக்கோ. திரும்ப மொதல்லருந்து வுட்டுக்கோ. அவரு எழுந்து போனாருன்னா இவ கதி இன்னா? இன்னொரு வாட்டி எவன் வருவான் இந்த வூட்டுக்கு? நீ ஆக்கி வெச்சதுதானே இது எல்லாம்!"

துளசிராமன் மகளைப் பார்த்தான். வேண்டாம்பா என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் வெளியே போய் மோகன்ராஜின் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பான். பூமிகாவுக்கு அவன் பார்ப்பது தெரியும். அவள் வளையலைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தாள், நிமிரவில்லை.

"சரி" என்றான்.

வெளியே வந்து உட்கார்ந்தான். கிளாஸை எடுக்கக் கை எழவேயில்லை. ஈஸ்வரிதான் குனிந்து ஊற்றினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கிளாஸைச் சுற்றி வைத்தாள். ஊற்றும்போது ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் ஒரே மடக்கில் குடித்தான்.

"இதான் ஆம்பள! இதுக்குப் போயி வியாதின்னு சொல்லிக்கினு திரியுறதா?" என்று மோகன்ராஜ் அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு இலையில் கை வைத்தார். மல்லிகைப் பந்து பையிலிருந்து வெளியே வந்து பூமிகாவின் தலையில் ஏறியது. பிரியாணி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஈஸ்வரி சிரித்த முகமாகப் பரிமாறினாள். நடுவில் திரும்பிப் பார்த்தபோது துளசிராமன் யாரும் கேட்காமலே தானாகப் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தான். மோகன்ராஜ் அதைப் பார்த்துச் சந்தோஷமாகத் தொடையைத் தட்டினார்.

அடுத்த ஞாயிறு அவன் கவரப்பேட்டைக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. எடைமேடை வேலைக்கும் போகவில்லை. வீட்டுக்குள் சுவரோரமாகக் கிடந்தான், எழுந்தால் கடைக்குப் போனான். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று. பூமிகா மாடியில் நின்று அன்புசெல்வனோடு போனில் சிரித்துப் பேசினாள்.

மூன்றாவது ஞாயிறு ஜெரால்ட் தன்னுடைய பழைய டிவிஎஸ் வண்டியில் தேடிக்கொண்டு வந்துவிட்டார். போன் எடுக்கவில்லை என்றதும் அவருக்குப் புரிந்திருக்கும். வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார், துளசிராமனைப் பார்த்தார், பிறகு ஈஸ்வரியைப் பார்த்தார்.

"யாராவது ஊத்திக் குடுத்தாங்களாம்மா?"

ஈஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு குடுப்பாங்கண்ணே? அவரேதான். குடிகார புத்தி எங்க போகும்?"

உள்ளே துளசிராமன் அசைந்தான். "ஆமா ஜெரால்டு, நானேதான்" என்றான். நாக்கு குழறினாலும் தெளிவாகவே சொன்னான். "அவள ஒண்ணும் கேக்காத."

ஜெரால்ட் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. "பரவால்ல. நான் எத்தினி தபா வுழுந்தவன் தெரியுமா? எந்திரி. இன்னிக்கு மீட்டிங் கீது. இப்பவே போலாம், வண்டியில ஒக்காரு" என்றார்.

துளசிராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு தரம் விழப் போய் மூன்றாவது தரம் நின்றுவிட்டான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்தான். கிழக்கு மேற்கு தெரியாத நிலையிலும் மீட்டிங் என்ற சொல் அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு கையை நுழைத்துவிட்டு இன்னொரு கைக்குத் துழாவினான்.

எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ரேஷன் கடைக்குப் போகிறவள்தான்.

"வேணாண்ணே" என்றாள் ஈஸ்வரி. "கல்யாணம் முடியட்டும். அது வரிக்கும் நீ இந்தப் பக்கம் வராத. மீட்டிங்குக்குப் போறாருன்னு மீஞ்சூருக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுடும். குடிச்சிட்டு வூட்டோட கெடக்கட்டும், அத்த யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஜெரால்ட் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய், துளசிராமன் சட்டைக்குள் விட்டிருந்த கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் விடவில்லை. "வண்டி நிக்குதும்மே, போயிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினான். சட்டையின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சட்டையை உருவி எடுத்தாள். அவனைத் தோளில் அழுத்திப் பாயில் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.